விடுதலை பெற்ற கைகள்

1956ஆம் ஆண்டு வெளிவந்த 'தி ஹார்டர் தே ஃபால்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் ஒரு குத்துச்சண்டைச் சாம்பியன் வருகிறான். சக வீரன் ஒருவன் சண்டை மேடையில் விழுந்து இறந்துபோனான். அவனைக் கடைசியாக அடித்து வீழ்த்தியவன் வேறொருவன். ஆனால் சாம்பியனுக்கு அதில் மனக்குறை. முந்தைய சண்டையில் தான் கொடுத்த அடிகளே அவனைக் கொன்றன என்றும், அந்தப் 'பெருமை' தகுதியற்றவனுக்குப் போய்விட்டது என்றும் சினம் கொள்கிறான். அந்தக் கொடிய சாம்பியனாக நடித்தவர் மாக்ஸ் பேர். அப்போது அவருக்கு வயது 47. உண்மை வாழ்விலும் அவர் உலகச் சாம்பியனாக இருந்தவர். உண்மை வாழ்விலும் அவர் கையால் அடிபட்ட ஒருவர் இறந்திருக்கிறார்.

இவர் பெயரைத் தமிழில் எழுதுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. குடும்பப் பெயர் 'பேர்' என்றே ஒலிக்கிறது. ஒருவருடைய பேர் எவ்வாறு கெட்டது என்பதும் இக்கட்டுரையின் ஒரு பகுதியாதலால், இந்தப் பொருத்தம் நம்மைச் சற்றே திகைக்க வைக்கிறது. குழப்பம் வேண்டாமென்று இனி மாக்ஸ் என்றே குறிப்போம்.

நம்மை ஆட்கொண்ட வினா இதுதான். சட்டம் ஒருவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்த பின்னும், அவருடைய மனச்சான்று அவரை விடுவிக்க மறுத்தால், இரண்டில் எது சரி? நண்பர்கள் 'அதை மறந்துவிடு, நீ என்ன செய்வாய்?' என்று தேற்றுவார்கள். மருத்துவர்கள் ஒருவேளை அதை ஒரு நோய் என்பார்கள். அது நோய்தானா?

மாக்ஸ் 1909ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பிறந்தார். தந்தை இறைச்சித் தொழில் செய்தவர். குடும்பம் பின்னர் கலிபோர்னியாவின் லிவர்மோர் என்னும் ஊரில் குடியேறியது. இளமையில் அறுத்த மாடுகளின் உடல்களைத் தோளில் சுமந்ததால் தமக்குத் தோள் வலிமை வந்தது என்று அவரே சொல்லிக்கொள்வதுண்டு. 1929இல் பணத்துக்காகச் சண்டையிடத் தொடங்கினார். வலக்கையின் வன்மையால் விரைவில் பேசப்பட்டார். சிரித்த முகம், கேலிப் பேச்சு, கைநிறைய வந்த பணத்தைக் கைநிறையச் செலவு செய்யும் இயல்பு. வெறுக்கத்தக்க மனிதராக அவரை அறிந்தவர்கள் யாரும் கண்டதில்லை.

1930, ஆகஸ்டு 25. சான் பிரான்சிஸ்கோ நகரின் ஒரு திறந்தவெளி விளையாட்டரங்கில் ஃபிராங்கி கேம்பல் என்பவரோடு அவர் மோதினார். கேம்பலின் உண்மைப் பெயர் பிரான்சிஸ்கோ கமில்லி, இத்தாலியக் குடும்பத்தவர். அவருடைய உடன்பிறந்தார் டால்ஃப் கமில்லி பின்னாளில் பேஸ்பால் ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்றவர். இரண்டாம் சுற்றில் மாக்ஸ் தடுமாறித் தரையில் விழுந்தார். அவரை வீழ்த்திவிட்டதாக எண்ணிய கேம்பல் முகத்தைத் திருப்பி மக்களை நோக்கிக் கையசைத்தார். எழுந்து வந்த மாக்ஸ் அந்நிலையிலேயே அவரை அடித்தார் என்பது அன்றைய செய்தி. ஐந்தாம் சுற்றில் கேம்பல் மேடையோரக் கயிறுகளில் சாய்ந்தவாறு அடிமேல் அடி வாங்கினார். கயிறு தாங்கியதால் அவர் விழவில்லை. விழாததால் சண்டை நிற்கவில்லை. நடுவர் நிறுத்தியபோது காலம் கடந்திருந்தது. மறுநாள் கேம்பல் இறந்தார். மனைவியும் ஒரு சிறு குழந்தையும் இருந்தார்கள்.

கொலை நோக்கமின்றி மரணம் விளைவித்ததாக மாக்ஸ் மீது குற்றம் சாட்டப்பட்டது. பிறகு அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். கலிபோர்னியாவின் குத்துச்சண்டை ஆணையம் மட்டும் தன் மாநிலத்துக்குள் சண்டையிட ஓராண்டுத் தடை விதித்தது. சட்டத்தைப் பொறுத்தவரை கதை அத்துடன் முடிந்தது. சட்டத்தின் வினா குறுகியது: விதிக்குள் அடித்தாரா, விதியை மீறி அடித்தாரா? விதிக்குள்தான் அடித்தார். திரும்பி நின்றவரை அடித்ததும்கூட விதிக்குள்தான். சண்டை நடந்துகொண்டிருக்கும் வேளையில் முதுகைக் காட்டக் கூடாதென்பதே அத்தொழிலின் முதற்பாடம்.

ஆயினும் அந்தக் கைகளுக்கு உரியவர் அமைதியடையவில்லை. மகன் பிற்காலத்தில் கூறியிருப்பதன்படி, தந்தை ஆண்டுக்கணக்காகக் கெட்ட கனவுகளால் துன்புற்றார். கேம்பலை நினைத்து அழுதார். அடுத்து வந்த சண்டைகளின் ஊதியத்தைக் கேம்பலின் குடும்பத்துக்குக் கொடுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. ஒன்றை ஐயமின்றிக் கூறலாம்: அடுத்த ஆறு சண்டைகளில் நான்கில் அவர் தோற்றார். எதிராளி தளர்ந்து நிற்கும் கணத்தில், முடித்துவைக்க வேண்டிய அந்த அடியை அடிக்கத் தயங்கினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரு தொழிலாளி தன் கருவியைக் கண்டே அஞ்சத் தொடங்கிய நிலை அது.

கேம்பலின் மனைவியை மாக்ஸ் சந்தித்து வருந்தியபோது, அந்த அம்மையார் இது உங்களுக்கே நேர்ந்திருக்கவும் கூடுமல்லவா என்னும் பொருள்பட ஒரு சொல் சொன்னதாகக் கூறப்படுகிறது. கணவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த வேளையில் ஒரு பெண்ணின் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்ததென்றால் அது பெருந்தன்மைதான். ஆனால் அச்சொல்லை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததில் அதற்கு இன்னொரு முகமும் இருப்பதாகத் தோன்றுகிறது. இருவரில் யாருக்கு வேண்டுமானாலும் நேர்ந்திருக்கலாம் என்றால், இருவரில் ஒருவருக்கு நேரும்படி ஏற்பாடு செய்தவர்கள் யார்?

இங்கே நம் அறநெறி ஆசிரியர்கள் கற்பிக்கும் ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். ஒரு செயலை எடைபோட, செய்யப்படும் செயல் எது, எந்த நோக்கத்தோடு, எந்தச் சூழ்நிலையில் என்று மூன்றையும் கேட்க வேண்டும். மாக்ஸின் நோக்கம் கொலையன்று, அதில் ஐயமில்லை. தூய தோமா அக்குவினார் தற்காப்பைப் பற்றிப் பேசுமிடத்தில், ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், நாடிய விளைவைக் கொண்டே செயல் மதிப்பிடப்படும் என்கிறார். அப்படியானால் மரணம் நாடப்படாத விளைவு என்று சொல்லி முடித்துவிடலாமா? நமக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. ஏனெனில் குத்துச்சண்டையில் நாடப்படும் விளைவே ஒரு காயம். 'நாக்-அவுட்' என்று நாம் கைதட்டி வரவேற்பது எது? மூளை மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் மிதப்பது. தாடையில் பக்கவாட்டாக விழும் அடி தலையைச் சுழற்றும்போது, மூளை அதே வேகத்தில் சுழல்வதில்லை, பின்தங்கி அதிர்கிறது. நினைவு தப்புகிறது. சில வேளைகளில் நுண்ணிய குருதிக் குழாய்கள் அறுந்து உள்ளே குருதி கட்டுகிறது. நினைவு தப்புதலுக்கும் மரணத்துக்கும் இடையே இருப்பது அளவு வேறுபாடுதான். கையுறைகூட அடிப்பவனின் விரல் எலும்புகளைக் காப்பாற்றும் அளவுக்கு அடிவாங்குபவனின் மூளையைக் காப்பாற்றுவதில்லை. கால்பந்தில் கால் முறிவது தவறி நேர்வது. இங்கே அடிபட்டு வீழ்தலே வெற்றி.

ஆகவே மாக்ஸின் மனச்சான்று பிதற்றவில்லை என்பது நம் கருத்து. நீதிமன்றம் காணத் தேவையில்லாத ஒன்றை அது கண்டுகொண்டது. கொலைகாரன் என்று அது அவரைச் சொல்லவில்லை. 'உன் கை அங்கே இருந்தது' என்று மட்டும் சொன்னது. அதை மறுக்காமல் இருந்ததற்காக அவரை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர் தொழிலை விடவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். 1933 ஜூனில் நியூயார்க்கின் யாங்கீ அரங்கத்தில் ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தினார். தந்தைவழியில் யூதக் குருதி உடைய அவர், இட்லர் ஆட்சிக்கு வந்த அதே ஆண்டில், தாவீதின் விண்மீனைத் தம் கால்சட்டையில் தைத்துக்கொண்டு அன்று மேடையேறினார். 1934 ஜூனில் இத்தாலியரான பிரைமோ கார்னேராவை வென்று மிகு எடைப் பிரிவின் உலகச் சாம்பியன் ஆனார். அந்தச் சண்டையில் கார்னேரா பத்துத் தடவைக்குக் குறையாமல் விழுந்து, ஒவ்வொரு தடவையும் எழுந்தார். மறு ஆண்டே மாக்ஸ் பட்டத்தை இழந்தார். மனம் வருந்தியவர் ஏன் தொடர்ந்தார் என்று கேட்பது எளிது. வேறு தொழில் தெரியாத 21 வயது இளைஞனை மனத்தில் நிறுத்திக்கொண்டு கேட்பது அவ்வளவு எளிதன்று.

பார்வையாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இக்கதையைச் சொல்ல முடியாது. தூய அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் பகுதியில் நண்பர் அலிப்பியுசுக்கு நேர்ந்ததை எழுதியிருக்கிறார். மனிதரை மனிதர் கொல்லும் காட்சிகளை வெறுத்த அவரை, உரோமையில் நண்பர்கள் வலிந்து அரங்கத்துக்கு இழுத்துச் செல்கிறார்கள். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். ஒருவன் வீழ்ந்தபோது எழுந்த பேரொலி காதில் விழ, என்னவென்று பார்க்கத்தானே என்று கண் திறக்கிறார். திறந்தவர் மூடவில்லை. அடுத்த முறை தாமே வருகிறார். பிறரையும் அழைத்து வருகிறார். கண்ணை மூடியவருக்குக் காதை மூடத் தோன்றவில்லை என்பதில் அகுஸ்தினாருக்கு ஒரு வருத்தம் கலந்த நகைச்சுவை இருப்பதாக நமக்கு எப்போதும் தோன்றும்.

திருச்சபைச் சட்ட வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. 1139ஆம் ஆண்டின் இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம், வீரர்கள் தம் வலிமையைக் காட்டுவதற்காகவே கூடி மோதும் போர்ப் பந்தயங்களைக் கடுமையாகத் தடைசெய்தது. அதில் இறப்பவன் கேட்டால் ஒப்புரவும் வழியுணவும் மறுக்கப்படலாகாது. ஆனால் அவனுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்று விதித்தது. மன்னிப்பின் கதவைத் திறந்தே வைத்த அந்த நுட்பம் போற்றத்தக்கது. எனினும் தண்டனை வீழ்ந்தவனுக்கு மட்டும்தான். சுற்றிலும் அமர்ந்து ஆரவாரித்தவர்களைப் பற்றி அவ்விதியில் ஒரு சொல்லும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவிலும் அப்படியே. ஓராண்டுத் தடை மாக்ஸுக்கு வந்தது. நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் உறங்கினார்கள்.

இனி வெள்ளித்திரைக்கு வருவோம். மாக்ஸ் நடிகரானது சண்டைத் தொழில் முடிந்த பிறகு அன்று, அதன் நடுவிலேயே. 1933இல் எம்.ஜி.எம். நிறுவனம் 'தி பிரைஸ்ஃபைட்டர் அண்ட் தி லேடி' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியது. மிர்னா லாய் உடன் நடித்தார். அப்போதைய உலகச் சாம்பியன் கார்னேரா தம் சொந்தப் பெயரிலேயே படத்தில் மாக்ஸோடு மோதுகிறார். திரையிலும் தோற்க அவர் மறுத்ததால் அந்தச் சண்டை வெற்றி தோல்வியின்றி முடியும்படி கதை அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மெய்யான மேடை திரைக்கதையைத் திருத்தி எழுதியது. படத்தை ஜெர்மனியில் திரையிட நாசி அரசு அனுமதிக்கவில்லை. மாக்ஸுக்கு நடிப்பு இயல்பாக வந்தது. பின்னர் நகைச்சுவைப் படங்களிலும் இரவு விடுதி மேடைகளிலும் கோமாளியாகவே மக்கள் அவரை அறிந்தார்கள். உடன்பிறந்தார் பட்டியும் குத்துச்சண்டையிலிருந்து திரைக்கு வந்தவர். 1951இல் வெளிவந்த 'குவோ வாதிஸ்' படத்தைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அதில் லீஜியாவைக் காக்கக் காளையோடு போராடும் உர்சூஸ் அவரே. மூல நாவலில் அந்த உர்சூஸ் தன் கைகளின் அளவுமீறிய வலிமையால் உயிர்போக்கியதற்காக மனம் நொந்து, மன்னிப்புத் தேடுகிறான். அண்ணனுடைய உள்ளத்துக்குப் பொருந்திய வேடம் தம்பிக்குக் கிடைத்தது. அண்ணனுக்குக் கிடைத்ததோ 1956இன் அந்தக் கொடியவன்.

அந்த வேடத்தை அவர் ஏற்றது சரியா? இது பற்றி நாம் நண்பர்களிடம் பேசியதுண்டு. ஒத்த கருத்து ஏற்படவில்லை. தம் ஆறாத புண்ணைக் காசுக்கு விற்றார் என்பார் சிலர். வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்ட வேடம் என்பதையும் மறுக்க முடியாது. கதையில் வரும் பேருருவ அப்பாவி வீரன் கார்னேராவின் நிழல் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கார்னேரா படநிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்துத் தோற்றார். அவருடன் மோதி 1933 பெப்ரவரியில் இறந்த எர்னி ஷாஃப், முந்தைய ஆண்டு மாக்ஸிடம் கடுமையாக அடிபட்டவர். அந்த மரணத்திலும் மாக்ஸின் அடிகளுக்குப் பங்கு உண்டோ என்ற பேச்சு அப்போதே இருந்தது. ஷாஃப் நோயிலிருந்து முழுதும் தேறாமலே மேடையேறியவர் என்பதும் அதே அளவுக்கு உண்மை. படத்தில் இறந்துபோகும் வீரனாக நடித்த பாட் காமிஸ்கியும் மெய்யான குத்துச்சண்டைக்காரர். 1940இல் மாக்ஸ் அவரை முதற்சுற்றிலேயே வீழ்த்தியிருந்தார்! திரையுலகின் ஆள்தேர்வில் சில வேளைகளில் இரக்கம் என்பதே இருப்பதில்லை.

நம் எண்ணம் வேறு. 26 ஆண்டுகளாக உலகம் அவரிடம் 'உன் மேல் தவறில்லை' என்றே சொல்லிவந்தது. 'நான்தான் செய்தேன்' என்று உரக்கச் சொல்ல அவருக்கு ஓர் இடமும் கிடைத்திருக்காது. அந்தச் சொல்லை வேறொருவன் பெயரில், வேறொருவன் வசனமாக, விளக்கொளியில் நின்று சொல்ல வாய்த்தது. வருத்தமாகச் சொல்ல வேண்டியதைச் செருக்காகச் சொல்ல வைத்தார்கள் என்பதே வேறுபாடு. அதை ஒப்புரவு அருட்சாதனத்தோடு ஒப்பிட மாட்டோம், அது மிகையாகும். ஆனால் வெறும் விற்பனை என்று தள்ளிவிடவும் நமக்கு மனம் வரவில்லை.

2005இல் நடந்ததற்கு அப்படிப்பட்ட சலுகையைத் தர இயலாது. அந்த ஆண்டு ரான் ஹவார்டு இயக்கிய 'சிண்டரெல்லா மேன்' வெளிவந்தது. 1935 ஜூனில் மாக்ஸை வென்று பட்டம் பெற்ற ஜேம்ஸ் பிராடக்கின் கதை அது. பிராடக் நல்லவர். பொருளாதார வீழ்ச்சியின்போது அரசிடம் பெற்ற உதவித்தொகையைக் கையில் பணம் வந்ததும் திருப்பிக் கொடுத்தவர். அத்தகைய ஒருவரின் கதை சொல்லப்பட வேண்டியதே. ஆனால் அவருடைய நன்மை ஒளிவிட எதிரே ஒரு கரிய சுவர் தேவைப்பட்டது. மாக்ஸ் அங்கே தாம் கொன்றவர்களை எண்ணிப் பெருமை கொள்கிறவராக, எதிராளியின் மனைவியைப் பார்த்து இழிவாகப் பேசுகிறவராகக் காட்டப்பட்டார். 1956இன் வேடத்துக்குக் கற்பனைப் பெயர் இருந்தது. 2005இல் அவருடைய சொந்தப் பெயரே ஒட்டப்பட்டது. மகன் வெளிப்படையாக மறுப்புத் தெரிவித்தார். இறந்துபோன தந்தைக்காக மகன் பேசலாம். ஆனால் திரையரங்கில் இருட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களின் எண்ணிக்கையோடு அவர் போட்டியிட முடியுமா?

பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளை, சாட்சி சொல்லப்படுபவர் உயிரோடு இருக்கும் வரைதான் என்று எங்கும் எழுதப்படவில்லை. கலைக்கு உரிமை உண்டு என்பார்கள். உண்டுதான். காலத்தைச் சுருக்கலாம், உரையாடலைப் புனையலாம். ஒரு மனிதன் வாழ்நாள் முழுதும் எதற்காக அழுதானோ, அதைச் சொல்லியே அவனைச் சிரிக்க வைப்பது அந்த உரிமைக்குள் அடங்காது. அதோடு, இத்தகைய சித்திரத்தால் பார்வையாளருக்கு ஓர் ஆதாயமும் உண்டு. மேடையில் கொல்லும் மனம் படைத்த ஒரு கொடியவன் நின்றால், கேம்பலின் மரணத்துக்கு விடை கிடைத்துவிடுகிறது. நம் இருக்கையை நோக்கி எவரும் விரல் நீட்ட வேண்டியதில்லை. கொன்றவர் ஓர் இளகிய மனத்தவர், அதற்காக அழுதவர் என்று தெரியும்போதுதான் ஆரவாரித்தவர்களுக்கு உறக்கம் கெடும்.

இதே வழியில் நடந்த இன்னொருவரையும் நினைத்துப் பார்க்கிறோம். ரே மன்சினி, ஓஹாயோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகரத்தவர்; இத்தாலியக் கத்தோலிக்கக் குடும்பம். 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாசில் தென் கொரியரான கிம் துக் கூ அவரோடு மோதிப் பதினான்காம் சுற்றில் வீழ்ந்தார்; சில நாள்களில் இறந்தார். கிம்மின் தாய் அந்தத் துயரைத் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். பதினைந்து சுற்றுச் சண்டைகள் பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டதற்கு அம்மரணம் ஒரு காரணம். மன்சினியும் பின்னர் திரைப்படங்களில் நடித்தார். 2011இல், கிம் இறந்தபோது தாயின் வயிற்றில் இருந்த மகன் வளர்ந்து ஆளாகி, தாயோடு அமெரிக்கா வந்து மன்சினியின் வீட்டில் அவரைச் சந்தித்தார். ஒரு காலத்தில் தமக்கு வெறுப்பு இருந்ததை அந்த மகன் மறைக்கவில்லை. அவர் மீது தவறில்லை என்று இப்போது எண்ணுவதாகவும் கூறினார். நீதிமன்றம் சொன்னதையேதான் அவரும் சொன்னார். சொன்னவர் வேறு.

மாக்ஸ் 1959 நவம்பர் 21 அன்று ஹாலிவுட்டில் ஒரு தங்கும் விடுதியில் மாரடைப்பால் இறந்தார். வயது 50. மருத்துவர் வேண்டுமென்று தொலைபேசியில் அவர் கேட்டபோதும் வழக்கம்போல் ஒரு வேடிக்கைப் பேச்சு பேசியதாகச் சொல்வார்கள். சாக்ரமெண்டோ நகரின் தூய மரியா கத்தோலிக்கக் கல்லறையில் அவர் உடல் இருக்கிறது.

அதற்கு மூன்று நாள் முன்பு அவர் அரிசோனாவின் போனிக்ஸ் நகரில் இருந்தார். அன்றிரவு அங்கே தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஒரு குத்துச்சண்டையில் கையுறை அணிந்த இருவருக்கு நடுவே, வெறுங்கையோடு நடுவராக நின்றார். வேண்டிய கணத்தில் இடையே புகுந்து நிறுத்துவது அன்று அவருடைய வேலை.